ஆறு பேர், ஒரு கொம்பைலர்: யாழ்ப்பாணத்து நிகழ்வு ஆய்வு ஒன்று

மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றித் தரும் மென்பொருள்தான் கொம்பைலர். அதன் பகுதிகளைத் தனித்தனி ஆட்கள் எழுதும்போது, தேடித் தேடியும் பிடிபடாத பிழைகள் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கும். ஒருவர் கொடுப்பதாக நினைத்தது ஒன்று, மற்றவர் வாங்குவதாக நினைத்தது வேறொன்று. யாழ்ப்பாணத்தில் ஆறு பேராகச் சேர்ந்து ஒரு புதிய நிரல்மொழிக்குக் கொம்பைலர் எழுதத் தொடங்கிய எங்கள் குழுவில், 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலம் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, எதை மாற்றினோம் என்பதை இங்கே விவரமாக எழுதுகிறேன். குழுவினரின் பெயர்களை விட்டிருக்கிறேன். மொழிக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை.

ஏன் இன்னொரு மொழி

தொடக்கம் ஒரு ஐ.சி.டி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாட) ஆசிரியரின் தேவை. நாங்கள் எல்லோரும் அவரை சேர் என்றுதான் கூப்பிடுவோம். இலங்கையில் சாதாரண தரத்துக்கு பஸ்கால் என்ற நிரல்மொழியும் உயர்தரத்துக்கு பைதன் என்ற நிரல்மொழியும் படிப்பிக்கப்படுகின்றன. பாடநூல் தமிழில், பரீட்சைத் தாள் தமிழில், ஆசிரியர் விளங்கப்படுத்துவதும் தமிழில். ஆனால் ஒரு பிள்ளை அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்தால், திரையில் வருவது ஆங்கில வசனம். அதை வாசித்துத் தானே திருத்த ஏலாமல் பிள்ளை கையைத் தூக்கிவிட்டுக் காத்திருக்கும். பாடவேளையின் பெரும்பகுதி அந்தக் காத்திருப்பில் போகிறது என்பது சேரின் முறைப்பாடு.

தமிழில் நிரல் எழுதுவது புதிய யோசனை அல்ல. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி முன்பே இருக்கிறது. பைதனில் எழுதப்பட்டு, நிரலை வாசித்து உடனுக்குடன் இயக்குவது. அதில் நிபந்தனை முதலில் வரும், ‘ஆனால்’ என்ற சொல் அதன் பின்னால் வரும். தமிழ் வாக்கியம் போகிற போக்கிலேயே நிரலும் போகலாம் என்பதற்கு எங்களுக்கு அதுதான் முன்மாதிரி. எங்களுக்கு மேலதிகமாக இரண்டு விஷயங்கள் தேவைப்பட்டன. ஒன்று, மாறிகளின் (நிரலில் மதிப்புகளுக்கு வைக்கும் பெயர்களின்) வகையை, அதாவது எண்ணா எழுத்தா என்பதை, முன்கூட்டியே சொல்லி, நிரல் ஓடுவதற்கு முன்பே பிழையைத் தமிழில் காட்டுவது. கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பஸ்காலைக் கற்பித்தலை மனதில் வைத்தே வடிவமைத்தார். வகையை முதலில் சொல்லும் அந்த ஒழுக்கம் தொடக்க மாணவருக்கு நல்லது என்பதில் சேருக்கு உறுதி. மற்றது, பாடசாலைக் கணினி அறையில் எதையும் நிறுவாமல் உலாவியிலேயே ஓட்டக்கூடியதாக இருப்பது.

சிறப்புச் சொற்களை, அதாவது மொழியே பொருள் கொடுத்து வைத்திருக்கும் சொற்களை, தெரிவதில் நிறையக் காலம் போனது. ‘எனின்’ வேண்டுமா, ‘என்றால்’ வேண்டுமா என்று பல கிழமை கதைத்தோம். மொழி வடிவமைப்பவர்கள் பொருளைவிட எழுத்து வடிவத்தைப் பற்றியே அதிகம் சண்டை பிடிப்பார்கள் என்று கணினி அறிஞர் பிலிப் வாட்லர் சொன்ன விதி எங்கள் விஷயத்தில் முழுதாகப் பொருந்தியது. கடைசியில் சேர் இரண்டையும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்து ‘எனின்’ என்றார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது. அதைவிடப் பெறுமதியான முடிவு வேறொன்று: வேற்றுமை உருபை மாறியின் பெயரோடு ஒட்டக் கூடாது. மரம் என்று ஒரு மாறி வைத்து ‘மரத்தில்’ என்று எழுத அனுமதித்தால், பெயரின் வால் மாறிவிடும்; பிறகு எது மாறி, எது உருபு என்று பிரிக்க இலக்கணப் பகுப்பாய்வே வேண்டிவரும். ஆகவே சிறப்புச் சொல் எப்போதும் தனித்து நிற்கும்:

(மொத்தம் > 100) எனின்
    காட்டு("அதிகம்")
முடிவு

வேலை பிரித்த விதம்

கொம்பைலர் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிரிப்பு பழக்கமானது. மூல நிரலைச் சொற்களாக உடைப்பது லெக்ஸர். சொற்களைக் கிளை கிளையாகப் பிரியும் மரமாக அடுக்குவது பார்ஸர். மரத்தில் வகைகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது டைப் செக்கர். பிறகு இயந்திரத்துக்கான நிரலை எழுதித் தருவது கோட் ஜெனரேட்டர். லெக்ஸர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பியிடம் போனது. பார்ஸரும் பிழைச் செய்தியை அச்சிடும் பகுதியும் அவனுடைய வகுப்புத் தோழனிடம். டைப் செக்கரை அக்கா எடுத்தார். கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் அண்ணை, கோட் ஜெனரேட்டரை எடுத்தார். முதல் கட்டத்தில் சி மொழியில் நிரல் எழுதித் தருவது, மிச்சத்தை ஜிசிசி என்ற சி கொம்பைலர் பார்த்துக்கொள்ளும் என்பது அவருடைய திட்டம். டெஸ்ட்டுகளும் ஆவணமும் என் பொறுப்பு. சேர் மொழியின் வடிவத்துக்கும் பிழைச் செய்திகளின் தமிழுக்கும் பொறுப்பு.

கணினி அறிஞர் மெல்வின் கொன்வே 1968இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு கொம்பைலர்க் கதை வருகிறது. ஓர் ஆய்வு நிறுவனத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஐந்து பேரை கோபோல் என்ற மொழியின் கொம்பைலருக்கும் மூன்று பேரை அல்கோல் என்ற மொழியின் கொம்பைலருக்கும் விட்டார்கள். கோபோல் கொம்பைலர் ஐந்து கட்டங்களாக வந்தது, அல்கோல் மூன்று கட்டங்களாக வந்தது. ஆட்கள் எப்படிப் பிரிந்திருக்கிறார்களோ அப்படித்தான் அவர்கள் செய்யும் பொருளும் பிரியும் என்பது கொன்வேயின் முடிவு. 1957இல் வெளிவந்த ஐபிஎம் போர்ட்ரான் கொம்பைலரும் ஆறு பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியும் மிகச் சிலரின் கையில் இருந்ததுதான். எங்களுடையதும் அப்படியே. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஆட்களுக்கு நடுவில் எப்படிக் கதை நடக்கிறதோ, பகுதிகளுக்கு நடுவிலும் அப்படித்தான் நடக்கும். எங்கள் கதை முழுவதும் வாய்வழியே நடந்தது.

கொம்பைலரை ரஸ்ட் மொழியில் எழுத முடிவு செய்தோம். அக்கா சொன்ன காரணம் முக்கியமானது. மரத்தில் இருக்கக்கூடிய முனை (நிரலின் ஒவ்வொரு துண்டும் மரத்தில் நிற்கும் இடம்) வகைகளை ஒரு பட்டியலாக அறிவித்துவிட்டால், அந்தப் பட்டியலைக் கையாளும் ஒவ்வோர் இடத்திலும் எல்லா வகைகளுக்கும் பதில் எழுதியிருக்கிறோமா என்று ரஸ்ட் கொம்பைலரே பார்க்கும். ஒருவர் புதிய முனை ஒன்றைச் சேர்த்தால், அதைக் கவனிக்காத மற்றவரின் பகுதி கொம்பைல் ஆகாது. ஆட்கள் பலராக இருக்கும் வேலைக்கு இது பெரிய காவல்.

ஒரே மேசை

முதல் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை கொக்குவிலில் ஒருவர் வீட்டில் கூடினோம். பெரிய மேசை, நாலைந்து லாப்டொப், பிளேன் ரீ. பார்ஸர் தம்பிக்கு ஒரு சந்தேகம் வந்தால் எதிரே இருக்கிற அக்காவைக் கேட்பான். பதில் உடனே வரும், கோட் உடனே மாறும். வேலை வேகமாகவும் வடிவாகவும் நடந்தது. ஒன்றையும் எழுதிவைக்கவில்லை என்பது அப்போது எவருக்கும் குறையாகத் தெரியவில்லை.

2022 மார்ச் முடிவில் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை போனது. பிரதேசங்களை ஆங்கில எழுத்துகளால் பெயரிட்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குக் குழு வெவ்வேறு நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஒருவர் வீட்டில் வெளிச்சம் இருக்கும்போது மற்றவர் வீட்டில் இருக்காது. பெற்றோல் வரிசையில் நிற்கவே நாள் போனதால் கொக்குவிலுக்கு வருவதும் நின்றது. போனில் கதைக்கலாம்தான், சார்ஜ் இருக்க வேண்டும், சிக்னலும் இருக்க வேண்டும். ஆறு பேரும் ஒரே நேரத்தில் விழித்து, இணைப்பில் இருக்கிற நேரம் என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லாமல் போனது. ஒவ்வொருவரும் தனக்கு வெளிச்சம் வந்த நேரத்தில் தன் பகுதியை எழுதினார்கள். எல்லோரும் நன்றாகத்தான் எழுதினார்கள். ஒன்றாகச் சேர்த்தபோதுதான் பிரச்சினை வந்தது.

உடைந்த இடங்கள்

முதலாவது, சில நிரல்களுக்குக் கொம்பைலரே விழுந்தது. நிரலில் ஒரு சின்னப் பிழை இருந்தால் பிழைச் செய்தி வரவேண்டும். அதற்குப் பதிலாகக் கொம்பைலர் தானே நின்றுபோனது. ஆனால் எல்லா நேரமும் அப்படி இல்லை. ‘மொத்தம்’ என்ற மாறியில் பிழை என்றால் விழும். ‘மாணவர்’ என்ற மாறியில் பிழை என்றால் விழாது, ஆனால் செய்தியில் ‘மா’ என்று மட்டும் காட்டும். ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தால் எல்லாம் சரி.

காரணத்தைக் கண்டுபிடிக்க யாழ்ப்பாணம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். நாம் எண்ணினால் ஆறு எழுத்துகள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொது முறையான யுனிகோட் கணக்கில், மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி ஆகையால், 11 குறிகள். அவற்றைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் (சேமிப்பின் சிறிய அலகு), ஆக 33 பைட். லெக்ஸர் தம்பி ஒரு சொல் தொடங்கும் இடத்தைப் பைட் கணக்கில் வைத்திருந்தான். அதுதான் ரஸ்டில் இயல்பானது, வேகமானதும்கூட. பிழைச் செய்தியை எழுதிய தம்பி சொல்லின் நீளத்தை யுனிகோட் குறிக் கணக்கில் எடுத்தான். செய்தியில் அந்தச் சொல்லைக் காட்ட, தொடங்கும் இடத்தோடு நீளத்தைக் கூட்டி, அந்தத் துண்டை மூல நிரலிலிருந்து வெட்டினான். ‘மொத்தம்’ என்பதில் ஏழு குறிகள். ஏழாவது பைட் ஒரு குறியின் நடுவில் விழும். குறியின் நடுவில் வெட்டச் சொன்னால் ரஸ்ட் நிரலை நிறுத்திவிடும். ‘மாணவர்’ என்பதில் ஆறு குறிகள். ஆறாவது பைட்டில் இரண்டு குறிகள் சரியாக முடிகின்றன, ஆகவே ‘மா’ என்று வெட்டிக்கொண்டு பிழையில்லாமல் போனது. மூன்றால் வகுபடும் நீளம் தப்பியது, மற்றவை விழுந்தன. ஆங்கில எழுத்துக்கு ஒரு குறி ஒரு பைட், ஆகவே இரண்டு கணக்கும் ஒன்று. எங்கள் சோதனை நிரல்களில் கைப்பழக்கத்தில் ஆங்கிலப் பெயர்களே இருந்ததால் இது வெளிவராமலே இருந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கான மொழி, தமிழ்ப் பெயரில்தான் விழுந்தது.

‘இடம் என்றால் பைட் கணக்கு’ என்று லெக்ஸர் தம்பி மேசையில் சொல்லியிருந்தான். அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. பிழைச் செய்தி எழுதியவன் அன்றைக்கு வரவில்லை.

இரண்டாவது பிழை இதைவிட ஆபத்தானது. பார்ஸர் தம்பி ‘ஒவ்வொரு’ என்ற புதிய சுழற்சியை (கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் அமைப்பை) மரத்தில் சேர்த்தான். அக்கா அதற்கு வகைச் சரிபார்ப்பு எழுதினார். எல்லாம் கொம்பைல் ஆனது. மாணவரின் புள்ளிகளைக் கூட்டும் நிரல் ஒன்றை சேர் ஓட்டிப் பார்த்தார். மொத்தம் 0. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

ரஸ்ட் பிடித்துத் தரும் என்று நம்பிய இடம் இது. ஏன் பிடிக்கவில்லை என்றால், அண்ணையின் கோட் ஜெனரேட்டரில் ‘மற்ற எதுவாக இருந்தாலும் ஒன்றும் செய்யாதே’ என்று ஒரு கிளை இருந்தது. பாதி முனைகள் தயாராக இல்லாத ஆரம்ப காலத்தில் வேலையை நகர்த்துவதற்காகப் போட்டது. அது தற்காலிகம் என்று மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிளை இருக்கும்வரை, புதிய முனை எது வந்தாலும் சத்தமில்லாமல் விழுங்கப்படும். சுழற்சி முழுவதும் அப்படித்தான் காணாமல் போனது. விழுந்து நிற்கிற கொம்பைலரைத் திருத்தலாம். பிழையான விடையைச் சரியானது போலத் தருகிற கொம்பைலரை ஒரு பிள்ளையிடம் கொடுத்தால், பிள்ளை தன்னைத்தான் சந்தேகிக்கும். இந்த இரண்டாவது வகைப் பிழையை நாங்கள் இன்றைக்கும் மிகக் கடுமையாகப் பார்க்கிறோம்.

மூன்றாவது, திரையில் கண்ணுக்கு முன்னால் இருக்கிற பெயரை ‘அறிவிக்கப்படவில்லை’ என்று கொம்பைலர் சொன்னது. ‘மொ’ என்பதை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். மகரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக வரலாம், அல்லது எகரக் குறியும் ஆகாரக் குறியும் தனித்தனியே வரலாம். திரையில் வித்தியாசம் இல்லை. பாமினி என்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சி யுனிகோடுக்கு மாற்றிய ஒரு கோப்பில் இரண்டாவது வடிவம் வந்திருந்தது. இதற்கு, இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் என்.எஃப்.சி. என்ற இயல்பாக்க முறை இருக்கிறது. ரஸ்டும் மாறிப் பெயர்களுக்கு அதையே செய்கிறது, பைதன் அதற்கு நெருங்கிய இன்னொரு முறையைச் செய்கிறது. லெக்ஸர் தம்பி தீர்வு தெரிந்தவன். கோப்பைத் திறந்தவுடன் முழுவதையும் இயல்பாக்கிவிட்டான். உடனே பெயர்கள் பொருந்தின. ஆனால் ஆறு பைட்டாக இருந்த உயிர்க்குறி மூன்று பைட்டாகச் சுருங்கியதால், அதற்குப் பின்னால் இருக்கும் எல்லா இடக் கணக்கும் நகர்ந்தது. எடிட்டரில் பிழைக்குக் கீழே வரவேண்டிய கோடு வேறொரு சொல்லுக்குக் கீழே போனது. ஒரு பக்கத்தில் சரியான திருத்தம், மறுபக்கத்துக்குப் புதிய பிழை.

யாழ்ப்பாணத்தில் அயலவர் பிணக்கு பெரும்பாலும் எல்லை வேலியில்தான் தொடங்கும். இரண்டு வளவும் நன்றாகத்தான் இருக்கும். எல்லைக் கல் எங்கே நட்டது என்பதில்தான் கதை மாறும். எங்கள் மூன்று பிழைகளும் அப்படி வேலியில் இருந்தவை.

எழுத்தில் வைத்தது

வழி சொன்னது அண்ணைதான். கொம்பைலர் எழுதுவதற்கான கருவித்தொகுப்பான எல்எல்விஎம் திட்டத்தை அவர் கவனமாகப் படித்திருந்தார். 2000ஆம் ஆண்டு இலினோய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லட்னர் தொடங்கிய அந்தத் திட்டத்தில், மூல நிரலுக்கும் இயந்திர நிரலுக்கும் நடுவில் நிற்கும் இடைநிலை வடிவத்துக்கு மூன்று உருவங்கள் உண்டு: நினைவகத்தில் ஒன்று, வட்டில் சேமிக்க ஒன்று, மனிதர் வாசிக்கக்கூடிய எழுத்தாக ஒன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று சமம். இதனால் ஒரு பகுதியைச் சோதிக்க முழுக் கொம்பைலரும் தேவையில்லை. இடைநிலை வடிவத்தில் பத்து வரியைக் கையால் எழுதி, அந்தப் பகுதியிடம் கொடுத்து, வெளியே வருவதைப் பார்த்தால் போதும்.

நாங்களும் அதையே செய்தோம். லெக்ஸர், பார்ஸர், டைப் செக்கர் ஒவ்வொன்றும் தன் வெளியீட்டை எழுத்துக் கோப்பாக எழுத வேண்டும். அதோடு, டைப் செக்கருக்கும் கோட் ஜெனரேட்டருக்கும் நடுவில் மரத்தைவிட எளிமையான ஓர் இடைநிலை வடிவத்தை வைத்தோம். அதை எழுதவும் முடியும், திரும்ப வாசிக்கவும் முடியும்.

பார்ஸர் தம்பி கடுமையாக எதிர்த்தான். ஒரு மொழிக்குப் பார்ஸர் எழுதுவதே பெரிய வேலை, இப்போது பிள்ளைகள் கண்ணாலும் காணாத இன்னொரு வடிவத்துக்கும் பார்ஸர் எழுதுவதா என்பது அவனுடைய கேள்வி. நியாயமான கேள்விதான். அந்த வேலை முடியும்வரை மொழியில் புதிதாக எதுவும் சேரவில்லை, சேரின் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஆனாலும் அண்ணை பக்கம்தான் சரி என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். அதற்கு முன்னர், அண்ணை தன் வெளிச்ச நேரத்தில் வேலை செய்ய வேண்டுமானால் அக்காவின் பகுதி அன்றைக்கு ஓடவேண்டும், அதற்குத் தம்பிமாரின் பகுதி ஓடவேண்டும். எழுத்து வடிவம் வந்த பிறகு, அண்ணை கையால் எழுதிய இடைநிலைக் கோப்புகளை வைத்தே தன் வேலையை முடித்துவிடலாம்.

அந்தக் கோப்புகளே டெஸ்ட்டுகளும் ஆயின. ஒவ்வொரு சோதனை நிரலுக்கும் பக்கத்தில், அதற்கு வரவேண்டிய மரம், இடைநிலை வடிவம், பிழைச் செய்தி, இறுதி விடை ஆகியவை கோப்பாக இருக்கும். எதிர்பார்த்த பிழைச் செய்தியை இப்படிக் கோப்பாக வைத்து ஒப்பிடுவது ரஸ்ட் கொம்பைலர்க் குழுவின் வழக்கம். எங்களுக்கு அது இரட்டிப்பாகப் பயன்பட்டது. சேர் கோட் வாசிப்பதில்லை, ஆனால் பிழைச் செய்திக் கோப்பைத் திறந்து ‘இந்தத் தமிழ் பிள்ளைக்கு விளங்காது’ என்று திருத்தினார். அவர் திருத்தியவுடன் டெஸ்ட் விழும், தம்பி கோடைத் திருத்துவான். சேரின் திருத்தம் அப்படியே வேலைப் பட்டியலாக மாறியது.

சோதனை நிரல்கள் எல்லாவற்றையும் தமிழ்ப் பெயர்களால் திரும்ப எழுதினேன். ஒரு குறி நீளமான பெயர், மூன்றால் வகுபடும் நீளம், வகுபடாத நீளம், ஆய்தத்தில் தொடங்குவது, இரண்டு விதமாக எழுதிய ஒகரம் என்று தேடித் தேடிச் சேர்த்தேன்.

டெஸ்ட் ஓட்டுவதை, நிரல்களைப் பகிர்ந்து வைக்கும் தளமான கிட்ஹப்பின் சேர்வருக்கு மாற்றினோம். பொதுவில் திறந்து வைத்த திட்டத்துக்கு அது இலவசம், கொக்குவிலில் மின்சாரம் இல்லாவிட்டாலும் ஓடும். எல்லா டெஸ்ட்டும் தேறாமல் பிரதான கிளையில், அதாவது எல்லோருக்கும் பொதுவான நிரல் தொகுப்பில், எதுவும் சேராது என்பது விதி. ரஸ்ட் திட்டத்தைத் தொடங்கிய கிரேடன் ஹோர் தன் குழுவில் கட்டாயமாக்கிய விதியும் இதுதான். ‘மற்ற எதுவாக இருந்தாலும்’ என்ற கிளையை மரத்தின் முனைகளுக்குத் தடைசெய்தோம். அப்படி எழுதினால் எச்சரிக்கும் விதி, நிரலை ஆராய்ந்து குறை சொல்லும் ரஸ்டின் கிளிப்பி கருவியிலேயே இருக்கிறது, அதை இயக்கிவிட்டால் போதும். இன்னும் எழுதாத முனைக்கு, ‘இது இன்னும் எழுதப்படவில்லை’ என்று கொம்பைலர் சத்தமாகச் சொல்லி நிற்க வேண்டும்.

கடைசியாக, எல்லை தொடர்பான ஒவ்வொரு முடிவையும் ஒரு பக்கக் குறிப்பாக எழுத வேண்டும் என்றோம். பைதனிலும் ரஸ்டிலும் பெரிய மாற்றங்களுக்கு இப்படி எழுத்து முன்மொழிவு வைக்கும் வழக்கம் உண்டு. எங்களுடையது அதன் சின்ன வடிவம். முதலாவது குறிப்பு இடக் கணக்கைப் பற்றியது: கொம்பைலருக்குள் எங்கும் பைட் கணக்கு மட்டுமே, மூலக் கோப்பில் இருந்தபடி. இரண்டாவது, பெயர்களைப் பற்றியது: மூலக் கோப்பைத் தொடக் கூடாது, பெயர் அட்டவணையில் சேர்க்கும்போது மட்டும் இயல்பாக்க வேண்டும். இயல்பாக்கம் தீர்க்காத ஒன்றும் உண்டு. ‘கௌ’ என்று ஒரே எழுத்தாகத் தட்டுவதும், ‘கெ’ தட்டிப் பக்கத்தில் ளகரம் போடுவதும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலத் தெரியும். யுனிகோட் அவற்றை வேறு வேறாகவே வைத்திருக்கிறது. அப்படி இரண்டு பெயர்கள் ஒரே நிரலில் வந்தால் எச்சரிக்கை தருகிறோம். மூன்றாவது குறிப்பு, பிழையைக் காட்ட வரிக்குக் கீழே அம்புக்குறி போடுவதைக் கைவிடுவது. தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் இல்லை, எத்தனை இடைவெளி விட்டாலும் அம்பு சரியான இடத்தில் நிற்காது. அதற்குப் பதிலாகச் செய்தி அந்தச் சொல்லையே மேற்கோளில் எடுத்துச் சொல்லும், உலாவியில் அந்தச் சொல்லின் கீழே கோடு விழும். ஆங்கிலக் கொம்பைலர்களின் பழக்கத்தைப் பார்த்து வைத்ததை, எங்கள் எழுத்துக்குப் பொருந்தாததால் விட்டோம். இந்தக் குறிப்பு எழுதப்படாமல் இருந்திருந்தால் யாராவது அம்பைத் திரும்பக் கொண்டுவந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

பின்பகுதியை மாற்றியது

இந்த ஏற்பாடு வேலை செய்கிறதா என்பதற்குச் சோதனை பிறகு வந்தது. சி மொழி வழியாகப் போனால் பாடசாலைக் கணினியில் சி கொம்பைலர் ஒன்றை நிறுவ வேண்டும். சேருக்கு அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. ஆகவே கொம்பைலரின் பின்பகுதியான கோட் ஜெனரேட்டரை, உலாவிகள் நேரடியாக ஓட்டும் வெப்அசெம்பிளி என்ற நிரல் வடிவத்துக்கு மாற்ற முடிவு செய்தோம். 2019 டிசம்பரில் இணையத்துக்கான நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை நியமமாக ஏற்றுக்கொண்டது, உலாவிகளில் ஏற்கெனவே இருக்கிறது. ரஸ்டில் எழுதிய எங்கள் கொம்பைலரையும் அதே வடிவத்துக்கு மாற்றலாம் என்பதால், பக்கத்தை ஒருமுறை திறந்தால் பிறகு இணைப்பு இல்லாமலும் நிரல் எழுதி ஓட்டலாம்.

ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் இடைநிலை வடிவத்தில் சுழற்சிகள் எல்லாம் ‘இந்த அடையாளத்துக்குத் தாவு’ என்ற கட்டளைகளாக உடைந்திருந்தன. சி மொழிக்கு அது பொருந்தும். வெப்அசெம்பிளியில் நினைத்த இடத்துக்குத் தாவ முடியாது. தொகுதி, சுழற்சி, நிபந்தனை என்று ஒழுங்கான கட்டுகளுக்குள்தான் நகரலாம். தாவல்களிலிருந்து சுழற்சிகளை மீட்டெடுக்கும் முறைகள் உண்டு. ஆனால் எங்கள் மொழியில் சுழற்சி முதலிலேயே ஒழுங்காக இருந்தது, நடுவில் நாங்களே உடைத்துவிட்டுப் பிறகு ஒட்டுவது வீண் வேலை. அண்ணை ஒரு பக்கக் குறிப்பு எழுதினார்: இடைநிலை வடிவத்தில் சுழற்சியைச் சுழற்சியாகவே வைப்பது. அக்கா இரவில் வாசித்துக் கருத்து எழுதினார். எவரும் நேரில் சந்திக்கவில்லை. வடிவம் மாறியது, இடைநிலைக் கோப்புகள் மாறின, அண்ணை புதிய பின்பகுதியை எழுதினார். லெக்ஸரிலும் பார்ஸரிலும் ஒரு வரிகூட மாறவில்லை. பழைய விடைக் கோப்புகளை வைத்தே புதிய பின்பகுதி சரியா என்று பார்த்தோம்.

கொம்பைலரை எங்கள் மொழியிலேயே திரும்ப எழுத வேண்டும் என்று தம்பிமாருக்கு ஆசை. அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. ரஸ்டின் முதல் கொம்பைலரும் ரஸ்டில் அல்ல, ஓகாமல் என்ற வேறொரு மொழியில்தான் எழுதப்பட்டது. 2009இல் அறிவிக்கப்பட்ட கோ மொழியின் கொம்பைலர் சி மொழியிலிருந்து கோவுக்கு முழுதாக மாறியது 2015இல்தான்.

அக்கா போன பிறகு

பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எந்தக் குழுவும் சந்திக்கிற இழப்பு எங்களுக்கும் வந்தது. அக்கா மேற்படிப்புக்கு வெளிநாடு போனார். டைப் செக்கரை பார்ஸர் தம்பி எடுத்துக்கொண்டான்.

எல்லைகள் எழுத்தில் இருந்ததால் என்ன உள்ளே வருகிறது, என்ன வெளியே போகவேண்டும் என்பது அவனுக்குத் தெளிவாக இருந்தது. உள்ளே ஏன் இப்படி என்பதுதான் தெரியவில்லை. உதாரணத்துக்கு, இரண்டு முழு எண்களை வகுத்தாலும் விடை எப்போதும் தசம எண் என்று டைப் செக்கர் வைத்திருந்தது. முழு எண் வகுத்தலுக்குத் தனிச் சொல் உண்டு. முழு எண் வகுத்தால் முழு எண் வருவதுதான் இயல்பு, வேகமும்கூட என்று நினைத்துத் தம்பி மாற்றப் பார்த்தான். டெஸ்ட் விழுந்தது. மாற்றக் கூடாது என்று டெஸ்ட் சொன்னது, காரணத்தைச் சொல்லவில்லை. அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்பி, நேர வித்தியாசத்தைத் தாண்டிப் பதில் வர ஒரு நாள் போனது. பதில் மிக எளிமையானது: சேரின் பிள்ளைகள் பஸ்காலிலும் பைதனிலும் படிப்பது அப்படித்தான். இரண்டிலும் சாதாரண வகுத்தல் குறி தசம விடையைத் தருகிறது, முழு எண் வகுத்தலுக்கு வேறு குறி இருக்கிறது. எங்கள் மொழியிலிருந்து பரீட்சைக்குப் போகிற பிள்ளை இந்த இடத்தில் தடுக்கி விழக்கூடாது என்று அவர் நினைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு, எல்லை முடிவுகளுக்கு மட்டும் இருந்த ஒரு பக்கக் குறிப்பை, பார்வைக்கு வினோதமாகத் தெரியும் எந்த உள் முடிவுக்கும் விரித்தோம். அக்கா அங்கிருந்தே தன் பழைய முடிவுகளுக்குக் காரணம் எழுதி அனுப்பினார்.

அந்த எழுத்து ஒரு கேள்வியையும் கிளப்பியது, அது இன்னும் தீரவில்லை. மைனஸ் 7ஐ 2ஆல் முழு எண்ணாக வகுத்தால் பஸ்கால் மைனஸ் 3 தரும். பைதன் மைனஸ் 4 தரும். முதலாவது பூச்சியத்தை நோக்கி வெட்டுகிறது, இரண்டாவது கீழ்ப்பக்கமாக இறங்குகிறது. சாதாரண தரப் பிள்ளைக்கு ஒன்று, உயர்தரப் பிள்ளைக்கு மற்றது. வெப்அசெம்பிளியின் வகுத்தல் கட்டளை பஸ்கால் பக்கம் நிற்பதால் அண்ணைக்கு அதுதான் வசதி. மீதியோடு சேர்த்துப் படிப்பிக்கும்போது பைதனின் முறை ஒழுங்காக வருகிறது என்று சேர் சொல்கிறார். நான் சேர் பக்கம். இரண்டு விடைகளுக்கும் டெஸ்ட் எழுதி வைத்தாயிற்று, எதை நீக்குவது என்ற குறிப்பில் இன்னும் இரண்டு பேர் கருத்து எழுத இருக்கிறது.